எழுபதாம் வருஷத்து முகப்பு

மஸ்கட்
செப்டம்பர் 9, 1996

நக்லே,

உன் மகள் நுஹாவின் கல்யாணப் புகைப்படங்களை என் தங்கை வர்தே அனுப்பியிருந்தாள். பெண் ராணி மாதிரி இருக்கிறாள். மாப்பிள்ளை வதீஃபும் பார்க்க நல்ல பையனாகத் தெரிகிறான். என்னாலும் என் மனைவியாலும் வர முடியாமல் போனதை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அது போகட்டும். பெண் தேவாலய வாசலில் இறங்கும் படத்தில் பூச்சரம் சுற்றிய ஒரு வண்டி நிற்கிறதே, அது உன் அறுபத்து மூன்றாம் வருஷத்து மெர்சிடிஸ்தானே? நம்பர் பலகை உன்னுடையது. பின்பக்கமும் உன்னுடையது. முன்பக்கம் மட்டும் என்னுடையது!

என்னை மறுத்துப் பேசாதே. உன் வண்டிக்கு உயரமான, ஒடுங்கிய கிரில். என் எழுபதாம் வருஷத்து வண்டிக்கு தாழ்ந்த, அகன்ற கிரில். சின்னக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். போதாததற்கு இடது ஓரத்தில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. தொண்ணூறில் போர் வந்து குவைத்திலிருந்து ஓடிவந்தபோது, எல்லையில் முன்னால் நின்ற லாரி பின்னோக்கி வந்து இடித்த இடம் அது. பிள்ளைகள் பின் சீட்டில் அழ, நான் ஸ்பூன் காம்பை விட்டு நிமிர்த்தினேன். அந்தக் கம்பியை எனக்குத் தெரியாதா?

உன் டிங்கரிங் பட்டறையில் பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்துவிட்டு வந்த வண்டி. என்ன செய்தாய் அதை? போன் பண்ணினால் நீ எதையாவது பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்திலேயே பதில் சொல்.

ஸலீபா

*

மாதபா
செப்டம்பர் 21, 1996

அன்புள்ள ஸலீபா,

கல்யாணப் படத்தில் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்கள். நீ கிரில்லைப் பார்த்திருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொண்டவள் பாவம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு நாளுக்காகக் கழற்றி மாட்டினேன். சம்பந்தி வீட்டார் அம்மானில் பெரிய மருந்துக்கடைக்காரர்கள். நிச்சயம் பேச வந்தவர்கள் பட்டறையை எட்டிப் பார்த்தார்கள். கொட்டகையில் நின்ற உன் வண்டியைப் பார்த்து, "இது உங்களுதா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. கையெல்லாம் பட்டி மாவும் துருவுமாக நின்றுகொண்டிருந்தேன். என் சட்டையைப் பார்த்தவர் அந்த வண்டியையும் பார்த்ததும் கொஞ்சம் மரியாதையாக நின்றார். நான் "நம்மதுதான்" என்று சொல்லிவிட்டேன். உன்னுடையது என்றால் நம்முடையது தானே? சின்ன வயதிலிருந்து அப்படித்தானே பேசிக்கொண்டோம்?

"அப்ப பொண்ணு இதுலதான் வரணும்" என்றார்கள். உன் வண்டியிலோ இன்னும் குவைத் நம்பர் பலகை. சுங்க அனுமதி வாங்கு, பலகையை மாற்று என்று எத்தனை முறை சொன்னேன். குவைத்துக்குத் திரும்பிப் போவேன், போவேன் என்று நீதான் கேட்கவில்லை. தெருவில் இறக்கினால் போலீஸ் பிடித்துக்கொள்ளும். என் வண்டிக்கும் உன் நிறத்தையேதான் அடித்திருக்கிறேன். அதனால் பானட், கிரில், பம்பர், விளக்குகள் எல்லாவற்றையும் மாற்றினேன். என் ரேடியேட்டர் உயரம், உன் பானட் தாழ்வு. சாய்த்து வைத்துச் சமாளித்தேன். உன் வண்டியை வாய் பிளந்து நிற்க விட மனம் வரவில்லை. என் பழைய முகப்பை அதற்கு மாட்டியிருக்கிறேன். இப்போது பார்த்தால் அப்பாவின் தொப்பியைப் போட்ட பையன் மாதிரி இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவதற்குள் எல்லாம் பழையபடி இருக்கும். கோபப்படாதே.

உன் நக்லே

*

மஸ்கட்
அக்டோபர் 3, 1996

நக்லே,

ஒரே ஒரு நாள் என்கிறாய். கல்யாணம் ஆகஸ்டில் முடிந்தது. இன்று தேதி என்ன? வண்டியில் முகப்பு மாட்டுவதில் உன்னை மிஞ்ச மாதபாவில் ஆள் கிடையாது என்று நீயே சொல்வாய். ஒரு நாளில் மாட்டியதைக் கழற்ற உனக்கு எத்தனை நாள் வேண்டும்?

இன்னொன்று. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை.

கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று கேட்டிருந்தால் நானே கழற்றி மாட்டச் சொல்லியிருப்பேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நுஹாவைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். நீ கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. என் வண்டிதான் குவைத்தில் எனக்கிருந்த வாழ்க்கையில் மிச்சம். வீடு போனது, கடை போனது, வண்டி மட்டும் வந்தது.

வண்டி எங்கே?

ஸலீபா

*

மாதபா
அக்டோபர் 16, 1996

ஸலீபா,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வண்டியை, உன் முகப்போடு, கொடுத்துவிட்டேன்.

விற்கவில்லை. கொடுத்துவிட்டேன். எப்படி என்று சொன்னால் நீ காறித் துப்புவாய். துப்பு.

சம்பந்தியின் பெரியப்பா ஜமீல் என்று ஒருவர். பதினேழு வயதில் சிலி நாட்டுக்குப் போனவர். கல்யாணத்துக்காக அத்தனை கடல் தாண்டி வந்திருந்தார். அவருடைய அரபி பாதி தேய்ந்துவிட்டது. விருந்து நடக்கும்போது எழுந்து போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். "எழுபதா? என்ன அழகு, என்ன அழகு!" என்றார். சுற்றி மருந்துக்கடைக்காரர்களின் சொந்தபந்தம் முழுக்க நிற்கிறது. நான் என்ன சொல்வேன்? நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய். "எடுத்துக்கங்க பெரியப்பா, இது உங்களுக்குத்தான்" என்றேன்.

சட்டையைப் புகழ்ந்தாலும் சொல்கிறோம், கடிகாரத்தைப் புகழ்ந்தாலும் சொல்கிறோம். "உரியவர்கிட்ட இருந்தாத்தான் அழகு" என்று அவர் சொல்ல வேண்டும். நான் இன்னொரு தடவை வற்புறுத்த வேண்டும். அவர் மறுபடி மறுக்க வேண்டும். அதோடு முடிந்தது. நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும் இது. அந்த மனிதருக்கு மறந்துவிட்டது! கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "எங்க ஊர்க்காரன் மனசை எங்கயும் பார்க்க முடியாது!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். சாவியை வாங்கிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். என் மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும்போது, வண்டியை வதீஃபுக்கும் நுஹாவுக்கும் தன் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அம்மானில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. என் மகள் இருக்கும் வீடு. அங்கே போய், அதன் முன்பாதி இன்னொருத்தனுடையது, நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வேன்? கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண். நாளைக்கு அவளை என்னவென்று பேசுவார்கள்?

உனக்கு வேறொரு எழுபதாம் வருஷத்து முகப்பு தேடித் தருகிறேன். பெய்ரூட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நக்லே

*

மஸ்கட்
அக்டோபர் 27, 1996

நக்லே,

முதலில் சிரித்தேன். என் மனைவி வந்து என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். அவளிடம் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

பெய்ரூட்டு முகப்பு எனக்கு வேண்டாம். நீ உன் வண்டியைக் கொடுத்தது உன் பெருமை. என் வண்டியைக் கொடுக்க நீ யார்? அந்தக் கைதட்டலில் பாதி என்னுடையது என்று அப்போது உனக்குத் தோன்றவில்லையா?

நுஹாவின் பெயரைச் சொல்லி ஒளிந்துகொள்ளாதே. அவளைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. நீ பயப்படுவது உன் முகத்துக்காக. இன்றைக்கு நீயாகப் போய்ச் சொன்னால் அது ஒரு தப்பு. நாளைக்கு அவர்களாகக் கண்டுபிடித்தால் அது திருட்டு. ரேடியேட்டரைச் சாய்த்து வைத்திருக்கிறாய். ஏதாவது மெக்கானிக் பானட்டைத் திறந்த அன்றைக்கு உன் கதை முடிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் நிற்கப் போவது நீ இல்லை, நுஹா.

சம்பந்தி வீட்டுக்குப் போ. காபி கொடுப்பார்கள். குடிக்காதே. கீழே வை. கோப்பையைத் தொடாமல் வைத்தவன் எதற்கோ வந்திருக்கிறான் என்று அவர்களுக்குப் புரியும். என்ன விஷயம் என்று கேட்பார்கள். சொல்லு. அதற்குப் பிறகு குடி.

ஸலீபா

*

மாதபா
நவம்பர் 8, 1996

ஸலீபா,

போனேன். நீ சொன்னபடி போனேன்.

வாசலில் வண்டி நின்றது. துணி போட்டு மூடியிருந்தார்கள். ஸல்த் மலை ஏற்றத்தில் இரண்டு முறை தண்ணீர் கொதித்துவிட்டதாம். "பழைய வண்டின்னா அப்படித்தான் சம்பந்தி, அதுக்கும் வயசாகுதில்ல" என்று வதீஃபின் அப்பா எனக்கே சமாதானம் சொன்னார். பூமி பிளந்து உள்ளே போகக் கூடாதா என்று இருந்தது.

நுஹாதான் காபித் தட்டை எடுத்து வந்தாள். குனிந்து என்னிடம் நீட்டும்போது கண்ணைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது. கோப்பையை வாங்கினேன். கீழே வைக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வாயில் வைத்துவிட்டேன். ஒரே மடக்கு. நாக்கு வெந்தது. "இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்றார்கள். அதையும் குடித்தேன்.

காபியைக் குடித்தவனிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அத்திப்பழ விலையைப் பற்றிப் பேசினோம். வந்துவிட்டேன்.

நான் கோழை, ஸலீபா. இரும்பை அடித்து நிமிர்த்தத் தெரியும். வாயைத் திறக்கத் தெரியவில்லை. என்னை விட்டுவிடு. கொஞ்ச காலம் போகட்டும். நுஹாவுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும். அப்புறம் சொல்கிறேன்.

நக்லே

*

மஸ்கட்
நவம்பர் 17, 1996

நக்லே,

என்னோடு வேலை செய்யும் இர்பித்காரன் ருஷ்தி விடுப்பில் வருகிறான். இந்தக் கடிதத்தையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். ஊருக்குப் போனதும் தபாலில் சேர்ப்பான். வருகிற ஞாயிறு மாலை அம்மானில் உன் சம்பந்தி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். விலாசம் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் போய்ச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஸலீபா

*

மாதபா
நவம்பர் 26, 1996

ஸலீபா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். வதீஃபின் அப்பா இருந்தார், அவருடைய தம்பிகள் இரண்டு பேர், வதீஃப். நுஹா காபி கொண்டுவந்தாள். வாங்கிக் கீழே வைத்தேன். எல்லாரும் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். "குடிங்க சம்பந்தி. எதுக்கு வந்தீங்களோ அது ஆச்சுன்னு வச்சுக்கங்க" என்றார் வதீஃபின் அப்பா. "நான் கேக்க வரலை, சொல்ல வந்தேன்" என்றேன்.

சொன்னேன். "நம்மதுதான்" என்று சொன்னதிலிருந்து ரேடியேட்டர் வரை எதையும் விடவில்லை. தெருவில் ஒவ்வொரு முறை ஹார்ன் அடிக்கும்போதும் என் கண் கதவுக்குப் போனது. இதோ உன் ஆள் வந்துவிட்டான், இதோ வந்துவிட்டான் என்று வேகவேகமாகச் சொல்லி முடித்தேன்.

வதீஃபின் சின்னச் சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நாங்க காரோட மூஞ்சியைப் பார்த்துத்தான் பொண்ணு எடுத்தோம்னு ஊரு சிரிக்குமே!" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. வதீஃபின் அப்பா அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

"யாரு இப்படி வந்து சொல்வா? யாருக்கும் தெரியாது, யாரும் கேக்கலை. மனுஷன் தானா வந்து நிக்கிறாரு பாருங்கடா. இந்த வீட்டுக்கு இப்படிப்பட்டவர் பொண்ணு வந்திருக்கான்னு நான் சந்தோஷப்படுறேன்" என்றார். வதீஃப் என் கையைப் பிடித்துக்கொண்டான். சித்தப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க" என்றார். ஆறிப்போன காபியைக் குடிக்கவைத்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

ராத்திரிவரை இருந்தேன். உன் ஆள் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ.

மறுநாளே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். உன் முகப்பை உன் வண்டிக்கு மாட்டிவிட்டேன். வர்ணத்தில் ஒரு கீறல் இல்லை. என் வண்டியை என் கிழட்டு முகத்தோடு வதீஃபே வைத்துக்கொள்கிறான். ரேடியேட்டர் இப்போது நேராக நிற்கிறது; ஏற்றத்தில் கொதிக்காது.

உன்னிடம் கேட்காமல் எடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

உன் நக்லே

*

மஸ்கட்
டிசம்பர் 5, 1996

அன்புள்ள அபூ நுஹா, நுஹாவின் தகப்பனே,

உன் கடிதத்தை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நெற்றியில் முத்தமிட்ட இடத்தில் அவளும் அழுதாள். நானும்தான், என்ன இப்போது?

மன்னிப்பெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. உன்னிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ருஷ்தியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் கையில் வர்தேவுக்கு ஒரு பெட்டி அல்வாவும் உனக்கு அந்தக் கடிதமும்தான் கொடுத்தனுப்பினேன். உன் சம்பந்தி வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. உன் மானத்தை மூன்றாம் மனிதன் வாயில் போடுவேனா? நீ அசைய வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் அது. உன்னை மிரட்டி அனுப்பியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. சொல்லாமலே விட்டிருக்கலாம். பொய்யை வைத்துக்கொண்டு பண்டிகைக்கு உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மனம் வரவில்லை.

டிசம்பர் இருபத்திரண்டு மாலை விமானத்தில் வருகிறோம். வண்டிக்கு நம்பர் பலகையையும் மாற்றிவிடலாம். போதும்.

உன் ஸலீபா

*

மாதபா
டிசம்பர் 14, 1996

ஸலீபா,

நீ அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

உனக்குத் தெரியாது இங்கே என்ன நடக்கிறதென்று. வதீஃபின் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறார். அது மாதபாவுக்கும் வந்துவிட்டது. தேவாலயத்தில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். வயதில் பெரியவர்கள்! போன வாரம் பாதிரியார் கூப்பிட்டனுப்பி, இரண்டு குடும்பத்துக்குள்ளே நிலத் தகராறு, சமாதானம் பேசப் போகிற கூட்டத்துக்கு நீதான் தலைமை தாங்க வேண்டும் என்றார். "உன் வார்த்தைன்னா ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க" என்றார். போனேன். என் வார்த்தைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனை நாளும் உன் ஆள் பஸ்ஸைத் தவறவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வந்திருந்தாலும் வராவிட்டாலும் நான் போயிருப்பேன் என்றும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியிருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அது போய்விட்டது. போயிருக்க மாட்டேன் ஸலீபா. அந்தக் கடிதம் வரும்வரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவன் நான். "யாரும் கேக்கலை, தானா வந்து நிக்கிறாரு" என்று அவர் சொன்னபோது, கதவைப் பார்த்துக்கொண்டே முத்தத்தை வாங்கிக்கொண்டேன்.

நேற்று அதையும் சொல்லிவிட வேண்டும் என்று அம்மானுக்குப் போனேன். வாசலிலேயே நுஹா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துப் போனாள். என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

அவள் முழுதையும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா, கல்யாணத்தன்னிக்கு வண்டிக்குள்ள ஏறும்போதே எனக்குத் தெரியும், அது ஸலீபா மாமா வண்டியோட முன்பக்கம்னு. சின்னப் பிள்ளையில மாமா லீவுக்கு ஓட்டிட்டு வரும்போதெல்லாம் அது மேல ஏறி விளையாடினவதானே நான்? மூணு மாசம் தினமும் காலையில எழுந்து ஜன்னலைத் திறந்தா அது நிக்கும். இன்னிக்குக் கண்டுபிடிப்பாங்களா, நாளைக்குக் கண்டுபிடிப்பாங்களான்னு செத்துச் செத்துப் பிழைச்சேன். என்னை ஏன் வண்டியில வரமாட்டேங்கிறேன்னு இவரு கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டாரு. இப்பத்தான்பா இந்த வீட்டுல தலை நிமிந்து நடக்குறேன். மாமனார் என்னை 'நேர்மையானவர் பொண்ணு'ன்னு கூப்பிடுறாரு. இன்னிக்கு நீங்க உள்ள போய் மனசு லேசாகி வந்துடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

நான் அவள் தலையைத் தடவினேன்.

"போங்கப்பா" என்றாள். "பஸ் வந்துடும்."

உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். வழியில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து மார்பில் கை வைத்து வணங்கினார். நானும் வணங்கினேன். இனிமேல் இப்படித்தான் இருக்கப் போகிறது, சாகிற வரைக்கும்.

இருபத்திரண்டாம் தேதி விமான நிலையத்துக்கு வருவேன். உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் வருவேன். வந்ததும் நீ என்னை நன்றாகத் திட்டு. இந்த ஊரில் வேறு யாரும் திட்ட மாட்டேன் என்கிறார்கள்.

நக்லே